அக்கா கையால் எழுதிய கேள்விகள்

எங்கள் அண்ணன் கையில் டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறினால் சேதி நல்லதில்லை என்று அர்த்தம். நல்ல சேதி என்றால் கீழே உரக்கடை வாசலில் நின்றே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார். அன்றைக்கு மூன்று டீயையும் ஒரு கையிலேயே அள்ளிப் பிடித்துக்கொண்டு, சுடுகிற விரலை மாற்றி மாற்றி ஏறி வந்தார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் வேலை பார்க்கும் சின்ன கம்ப்யூட்டர் ஆபீசின் முதலாளி. போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடைகளுக்கும், மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது எங்கள் சோலி. ஒரு காலத்தில் மாடி நிறைய ஆள் இருந்ததாகச் சொல்வார். நான் சேர்ந்தபோதே நாற்காலிகள்தான் நிறைய இருந்தன. கடைசியில் மிஞ்சியது நானும் அக்காவும்.

அக்காவும் உறவில்லை. ராசிங்காபுரத்தில் வாக்கப்பட்டவர், பாலிடெக்னிக் படித்தவர். நான் போன் ரீசார்ஜ் கடையில் நின்றுகொண்டே வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். "நீ பாத்துப் படிச்சவன், நான் படிச்சுப் பாத்தவ" என்று என்னைக் கேலி செய்வார். திரையில் தெரிகிற பக்கம் முழுக்க என் பொறுப்பு. திரைக்குப் பின்னால் டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறதே, யாருடைய காய் எந்தத் தட்டில் எத்தனை நாள் காய்ந்தது என்று வைத்திருக்கும் குதிர், அதனோடு பேசுகிற 'கோடு', அதாவது புரோகிராம் வரிகள், முழுக்க அக்கா கையெழுத்து.

"உங்க ரெண்டு பேர் முன்னாடியே சொல்லிர்றேன். முதுகுக்குப் பின்னாடி பேசி எனக்குப் பழக்கமில்ல" என்றார் அண்ணன். டீயை ஆளுக்கொன்றாக வைத்தார். "குரங்கணி ஸ்டோர்க்காரங்க புரோகிராமைப் புதுசா மாத்தணும்ங்கிறாங்க. போன்ல பாக்கணுமாம். இல்லாட்டி வெளியூர்க் கம்பெனிக்குப் போயிருவாங்க. நமக்கு மிச்சமிருக்கிற பெரிய இடம் அது ஒண்ணுதான்."

"செஞ்சிரலாம்ண்ணே" என்றேன்.

"வெரசாச் செய்யணும் மாப்ளே. இப்ப ஏதோ டூல் இருக்காமே, டேபிளைக் காட்டுனா கோடை அதுவே எழுதிருமாமே. அதுல நமக்கு எது தோதுன்னு பாத்துச் சொல்லு." கொஞ்ச நேரம் டீ கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவை அவர் 'ஆத்தா' என்றுதான் சொல்வார். "எல்லாத்தையும் அதுவே எழுதிரும்னா ஆத்தாவை வச்சிருக்க என்னால முடியாது. பாதிதான் எழுதும், மீதிக்கு ஆளு வேணும்னா ரெண்டு பேரும் இருங்க. எப்பிடியோ ஓட்டலாம். கழுதை கெட்டா குட்டிச்சுவரு, நான் கெட்டா இந்த மாடி. வேற எங்க போகப் போறேன்."

அண்ணன் பேச்சில் சிரிப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கீழே இறங்கிப் போனபிறகு அக்கா டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றார். எனக்கு நாக்குச் சுட்டுக்கொண்டிருந்தது.

இதில் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. போடியில் இந்த மாதிரி வேலை தரும் இடம் வேறு இல்லை. ஆம்பளை என்றால் மதுரைக்கு ரயில் ஏறலாம், சென்னைக்குப் பஸ் பிடிக்கலாம். அக்காவின் வீட்டுக்காரர் மலைக்கு லோடு ஜீப்பு ஓட்டுகிறவர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மாமியார் படுக்கையில். "காலையில சோத்தை வடிச்சு வச்சிட்டுப் பஸ் ஏறுற தூரத்துல இருக்கிற ஒரே கீபோர்டு இதுதான் தம்பி" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கீபோர்டு இருக்கிறதா போகிறதா என்பதைத்தான் அண்ணன் டீயோடு சேர்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸிடம் எதைக் கேட்டாலும் அதன் பாஷையில்தான் கேட்க வேண்டும். 'இந்த வாரம் ஏற்றின தட்டு எல்லாவற்றையும் கொண்டா, கூடவே தட்டுக்குச் சொந்தக்காரன் பேரையும் கொண்டா' என்று எழுத வேண்டும். இதை அக்கா 'கேள்வி' என்பார். கேள்விக்கு வருகிற பதிலோ வெறும் வரிசை வரிசையான எண்ணும் எழுத்தும். அதை நம் புரோகிராம் புரிந்துகொள்ளும் உருவமாக, 'இது ஒரு தட்டு, இவர் ஒரு ஆள்' என்று மறுபடியும் அடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஆளுக்குப் பதிலாகச் செய்யும் டூலுக்கு ஓஆர்எம் என்று பேர். நான் தேடிப் பார்த்ததில் அதில் இரண்டு சாதி இருந்தது.

ஒன்று சின்னது. 'கேள்வியை நீ எழுது, பதிலை நான் அடுக்கித் தருகிறேன்' என்பது. இன்னொன்று பெரியது. டேட்டாபேஸில் விவரம் நிற்கும் கட்டங்களுக்கு டேபிள் என்று பேர். 'டேபிளைக் காட்டு, எதோடு எது சேரும் என்று மட்டும் சொல்லு, கேள்வியையும் நானே எழுதிக்கொள்கிறேன்' என்பது. சின்னதை எடுத்தால் கேள்வி எழுத அக்கா வேண்டும். பெரியதை எடுத்தால் வேண்டாம். இவ்வளவுதான் விசயம். பிஞ்சுக்கும் பழத்துக்கும் ஒரே காம்புதான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதும் அக்கா என்ற ஒரே காம்பில்தான் தொங்கியது.

நான் மனசுக்குள் அன்றைக்கே சின்னதை எடுத்துவிட்டேன். ஆனாலும் அண்ணன் சும்மா கேட்டுக்கொண்டு போகிறவர் இல்லை. ஏன், எதுக்கு, எப்படி என்று நோண்டுவார். அதனால் இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்து, பெரியதில் என்ன ஓட்டை என்று கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

ஓட்டை லேசில் கிடைக்கவில்லை. போன பருவத்துக் கணக்கு முழுக்க அதன் வாயில் போட்டேன். டேபிளைப் பார்த்துக் கோடைக் கொட்டியது பாருங்கள், ஆடி மாசக் காற்றில் இலவம் பஞ்சு பறக்கிற மாதிரி. ஒரு மழைக்காலம் முழுக்க அக்கா உட்கார்ந்து எழுதியதை, நான் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட்டது. சுத்தமாக எழுதியிருந்தது. ஒரே மாதிரி எழுதியிருந்தது. அக்கா எழுதினால் ஓரத்தில் 'இங்க பாத்துப் போ தம்பி, வழுக்கும்' என்று எனக்கு ஒரு வரி இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அதை ஓட்டை என்று அண்ணனிடம் சொல்ல முடியுமா.

அக்கா பக்கத்து மேசையில் வேறு ஒரு கமிஷன் கடையின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் திரைப்பக்கம் திரும்பவே மாட்டார். "எழுதிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதிருச்சுக்கா."

"வேகமா?"

"வேகமாத்தான்."

"அதுக்கென்ன, வயித்துக்கும் பிள்ளைக்கும் பாக்காத கை. எழுதும்."

அப்புறம் பழைய புரோகிராம் தருகிற தட்டுக் கணக்கையும், பெரிய டூல் தருகிற தட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியதில் தட்டு குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் குறைந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை என்ன சொல்ல. வெளியே காட்டிக்கொள்ளாமல் எந்தெந்தத் தட்டு என்று தேடினேன். கண்டுபிடித்ததும் சந்தோசம் பாதியாகிவிட்டது. காணாமல் போனவை எல்லாம் சாவு வீட்டுத் தட்டுகள்.

குரங்கணி ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக் காயைக் கொண்டுவந்து அங்கே தட்டில் பரப்பிச் சூடு வைத்து உலர்த்திக்கொள்வார்கள். ஒவ்வொரு தட்டும் ஒருவர் பேரில் ஏறும். அந்தப் பேருக்கு உரியவர் இறந்துபோனால், காய் அதுக்காகக் காத்திருக்காது இல்லையா, பறித்துத்தான் ஆக வேண்டும், உலர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் கருமாதி முடிகிறவரை தட்டை அவர் பேரிலும் ஏற்ற மாட்டார்கள், வேறு யார் பேரிலும் ஏற்ற மாட்டார்கள். தட்டு பேரில்லாமல் ஏறும். கருமாதிக்கு அப்புறம்தான் வீட்டுக்காரர்கள் வந்து இனி இன்னார் பேர் என்று சொல்வார்கள். சில வீட்டில் பங்காளிச் சண்டை வந்து அந்தத் தட்டுகள் பேரில்லாமலே நின்றுவிடுவதும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவோடு ஜீப்பில் அங்கே போயிருக்கிறேன். ஸ்டோர் மேனேஜர் வயசானவர். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தாரோடு பாதி ஆயுசு கழித்தவர். தமிழில் ஆரம்பித்து, போதும் என்பதற்கு "மதி, மதி" என்று மலையாளத்தில் நிறுத்துவார். அவரிடம் அக்கா, "பேரில்லாத தட்டுக்குப் பேர் இடத்தைக் காலியா விட்டுருவேன் ஐயா" என்றார்.

மேனேஜர் முகம் மாறிவிட்டது. "காலியாவா? செத்த வீட்டுல எதையும் வெறுமையா விடக்கூடாது ஆத்தா. விளக்கை அணைய விடுவாங்களா? செம்பைத் தண்ணியில்லாம வைப்பாங்களா? ஒரு சுழியாவது போட்டு வையி."

"சுழிக்கும் காலிக்கும் என்ன ஐயா வித்தியாசம்?" என்று நான் இடையில் விழுந்தேன்.

"உனக்கு இன்னும் யாரும் சாகல அப்பு. அதான் கேக்குற" என்றார்.

அக்கா பேரில்லாத தட்டுக்கெல்லாம் ஆள் எண் சுழி, அதாவது பூஜ்யம், என்று வைத்து, 'ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் தட்டைக் கொண்டா' என்று கேள்வியை எழுதிவிட்டார். அன்றிலிருந்து அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பெரிய டூல் அந்தத் தட்டுகளைத்தான் தொலைத்திருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நம்ம ஊர்ச் சாவை வெளியூர் டூல் எங்கே கண்டது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களாக்கா. பேரில்லாத் தட்டை முழுங்கிருச்சு. இதை எப்பிடி ஸ்டோருக்குக் குடுக்க முடியும்? பாம்பும் செத்துச்சு, தடியும் உடையல."

அக்கா நின்றபடியே குனிந்து பார்த்தார். மவுசை என் கையிலிருந்து வாங்கி, டூல் எழுதின கேள்வியை மேலே கீழே உருட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். ஐந்தரை பஸ்சுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட நாளைக்கே சொல்லிருவேன்க்கா" என்றேன்.

"சொல்லு" என்றார். படி இறங்குகிற சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது.

மறுநாள் மலைமேல் மேகம் கவிழ்ந்துகொண்டு, ஊருக்குள் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு புழுக்கம். நான் ஆபீசுக்கு வரும்போது அக்கா எனக்கு முன்னாடியே வந்திருந்தார். அவர் மேசையில் இல்லை, என் மேசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஏதோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அண்ணன் கையில் டீ இல்லாமல் வந்தார். எனக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

"என்ன மாப்ளே, பொண்ணு பாத்தாச்சா? பெரிசா சின்னதா?"

"பெரிசு வேணாம்ண்ணே. தட்டைத் தொலைக்குது. சாவு வீட்டுத் தட்டு ஒண்ணு விடாமக் காணோம். ஸ்டோர்ல அடிக்க வருவாங்க. சின்னதையே எடுப்போம். கேள்வியை அக்கா எழுதட்டும்."

அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் மூச்சை விட்ட விதத்தில் ஒன்று தெரிந்தது. அவருக்கும் இந்தக் காரணம் வேண்டியிருந்தது. "அடப் பாவி டூலே. அப்பிடியா சேதி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செத்தவனுக்கு மரியாதை தெரியாத டூலு நமக்கு எதுக்கு. சரி, ஆத்தா, பழைய மாதிரியே..."

"அது தொலைக்கலைண்ணே" என்றார் அக்கா.

திரையைப் பார்த்தபடிதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"சுழி போட்டது நாந்தான். எல்லாத் தட்டுக்கும் ஒரு ஆளு கட்டாயம் உண்டுன்னு தம்பி அதுகிட்டச் சொல்லியிருக்கு. அது போய்ச் சுழிங்கிற எண்ணுல ஆளைத் தேடுது. அப்பிடி ஒரு ஆளு கிடையாது. ஆளில்லாத தட்டு தட்டே இல்லைன்னு விட்டுருது. சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

"அப்ப?" என்றார் அண்ணன்.

"சுழியை எல்லாம் எடுத்துட்டு இடத்தைக் காலியா விடணும். ஆளு இல்லாமலும் தட்டு இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்ப எழுதச் சொல்லணும். காலையில வந்து போன பருவத்துக் கணக்குல மட்டும் செஞ்சு பாத்தேன். எல்லாத் தட்டும் வந்துருச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் திரையைப் பார்த்தேன். கணக்கு இரண்டு பக்கமும் சரியாக நின்றது.

"அப்ப எல்லாமே அதுவே எழுதிருமா ஆத்தா?" என்று அண்ணன் கேட்டார். வேண்டாத மருந்தை விழுங்குகிறவன் மாதிரிதான் கேட்டார்.

"எழுதிரும்ண்ணே. நம்ம அளவுக்கு நல்லாவே எழுதுது."

அண்ணன் எழுந்தார். ஜன்னலிடம் போய்க் கீழே உரமூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் "நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்" என்று இறங்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. உங்களை யாருக்கா கேட்டா? அண்ணனே சரின்னுட்டாரு. கம்முன்னு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற நாளைக்கு."

"தம்பி, அந்தக் கேள்வியை நேத்துப் பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. ராத்திரி சோறு எறங்கல. இன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டா, தினமும் இங்க வந்து உக்காந்து, அது எழுதக்கூடியதை நான் எழுதிக்கிட்டு இருக்கணும். அண்ணனுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்ல? அரைச்ச மாவையே அரைச்சா கைவலிதான் மிச்சம்னு எங்க மாமியா சொல்லும். ஆளு படுத்த படுக்கையா கெடக்கு, சொல்லு மட்டும் இன்னும் நடமாடுது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உன் மேல வருத்தமில்ல" என்று அவர் சேர்த்துக்கொண்டார். "நீ எனக்காகத்தான் பாத்த. தெரியும்."

அண்ணன் உடனே போகச் சொல்லவில்லை. அந்த மாதம் முடியட்டும் என்றார், அப்புறம் பழைய சுழிகளை எல்லாம் மாற்றிக் கொடுக்கட்டும் என்றார். அது இன்னொரு மாதம் இழுத்தது. தன்னை அனுப்புகிற வேலையை அக்கா அவ்வளவு ஒழுங்காகச் செய்தார். பேரில்லாத தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கருமாதி முடிந்தும் பேர் ஏறாமல் நிற்பவற்றை மேனேஜரிடம் போனில் கேட்டார். மேனேஜர் அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"காலியா விடப் போறியா ஆத்தா? நான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேன்ல?"

"காலியா இருந்தாத்தான் ஐயா இப்ப உள்ளதுன்னு கணக்குல வருது. சுழி போட்டா இல்லாதவங்க ஆயிர்றாங்க."

"என்னமோ. உங்க காலத்து மிசினு, உங்க காலத்துச் சாவு" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

அந்தப் பேச்சை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள். போனை வைத்தபிறகு அக்கா ரொம்ப நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி நாள் என்று ஒன்று தனியாக வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வேலை தீர்ந்துபோயிற்று. அண்ணன் ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கொடுக்கத் தெரியாமல், "பிள்ளைகளுக்கு" என்றார். அக்கா வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன். ராசிங்காபுரம் பஸ்சில் கூட்டம். ஜன்னல் சீட்டுக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றவர் என்னிடம் என்னவோ சொன்னார், டிரைவர் ஹாரன் அடித்ததில் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

புது புரோகிராம் போனில் ஓட ஆரம்பித்தது. ஸ்டோர்க்காரர்களுக்குச் சந்தோசம். அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். எனக்குத்தான் மாடியில் பேச்சுத் துணை இல்லாமல் போயிற்று. முன்பெல்லாம் டீக்கடையில் ஒரு நல்ல சொலவடை காதில் விழுந்தால் அதை அக்காவிடம் சொல்ல மாடி ஏறுவேன். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காய் பறிக்கும் பருவம் மும்முரமானபோது போன் திரையில் தட்டு வரிசை வர நேரம் எடுத்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் மணிக்கொரு தரம் கூப்பிட்டு, "உன் மிசினு தூங்குது அப்பு" என்றார். டூல் எழுதிய கோடைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கே தாமதம் என்று மட்டும் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாப் போயி ஆளைக் கேட்டுக்கிட்டிருக்கும் தம்பி. குடத்தை வச்சுக்கிட்டு டம்ளர்ல தண்ணி சொமக்குது. தட்டைக் கேக்கும்போதே ஆளையும் சேத்துக் கொண்டான்னு சொல்லு. அதுக்கு ஒரு வார்த்தை இருக்கும் பாரு."

இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் திரை ஓடிவந்தது. அதற்கப்புறம் இன்னும் சில தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஒரு நாள் பகலில் கூப்பிட்டபோது மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"பகல்ல கூப்பிடாத தம்பி. போனை எடுத்தா மேஸ்திரி மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு."

"எந்த மேஸ்திரிக்கா?"

"காய் பொறுக்க வர்றேன். போடியிலதான், குடோன்ல. சும்மா வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்க. உக்காந்து பாக்குற சோலிதானே, இதுவும் உக்காந்து பாக்குற சோலிதான். பச்சை தனி, வெடிச்சது தனி, உள்ள ஒண்ணுமில்லாத பொக்கு தனி." அப்புறம் வேலையைப் பேசினார். "உன் சந்தேகம் என்ன, சொல்லு."

சொன்னேன். விளக்கிச் சொன்னார். எப்போதும்போல் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் நான் பாதிதான் கேட்டேன். குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவதை ஊரில் எல்லாரும் தினம் பார்க்கிறோம். நானும் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் ஒரு முகத்தை வைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. நாள் முழுக்கக் காய் பொறுக்கிவிட்டு வந்தவரிடம், அவருக்குக் கூலி இல்லாத வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். அவர் காதைச் சொறிந்துகொண்டே நின்றார். "என்ன சோலின்னு சொல்லிக் கூப்பிடுறது மாப்ளே?" என்றார். நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் நான் அக்காவைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். சிக்கல் வராமல் இல்லை. ஒரு தடவை ஸ்டோரில் ஒரே ஆள் பேரில் இரண்டு தட்டு ஒன்றாகிப் போய், மேனேஜர் கத்தி, அண்ணன் கை பிசைந்து, "ஆத்தாவுக்கு ஒரு போனைப் போடு மாப்ளே, ஒரு நிமிசத்துல சொல்லிரும்" என்றார். "வேணாம்ண்ணே, நானே பாக்குறேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். தப்பும் தவறுமாகத் தட்டித் தடவி, கண்ணெல்லாம் எரிய, எப்படியோ சரி பண்ணினேன். ரோசத்தில் செய்தேனா பாசத்தில் செய்தேனா, எனக்கே தெரியாது.

அதற்குச் சில நாள் கழித்து, மழை பிடித்த ஒரு சாயங்காலம், அக்காவே கூப்பிட்டார். பின்னால் சல்லடை குலுக்குகிற சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. இன்னும் குடோனிலிருந்து கிளம்பவில்லை போல.

"என்ன தம்பி, போனையே காணோம்?"

"சோலி அதிகம்க்கா."

"டூலு மக்கர் பண்ணுதா?"

பண்ணியதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் உடனே 'என்ன, எங்க, சொல்லு' என்பார். மழையில் பஸ்சையும் விட்டுவிட்டு நின்று பதில் சொல்வார்.

"இல்லக்கா. நல்லா ஓடுது."

"ஒரு சந்தேகமும் வரலையா?"

"வரலக்கா."

"அப்பச் சரி" என்றார். "நல்லா ஓடுனாச் சரி."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், "இந்தா வர்றேன்" என்று அவர் அங்கே திரும்பிப் பதில் சொன்னார். அதற்கப்புறம்தான் போன் அணைந்தது. பிறகு அவரும் கூப்பிடவில்லை.